2022-ல் போகாச்சரை உடைத்த உத்தி 2024, 2025-ல் ஏன் எடுபடவில்லை?

கோடநாடு கியர்:

எல்லோருக்கும் வணக்கம். 2022 டூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11-ம் கட்டத்தில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) காலிபியே, கிரானோன் இரண்டு மலை ஏற்றத்திலும் விங்கேகார்ட் அணி எதிராளி போகாச்சரைப் பிழிந்து எடுத்தது. கிரானோன் உச்சியில் 2 நிமிடம் 51 வினாடி வித்தியாசம். அதே அணி 2024-லும் 2025-லும் அதே திட்டத்தோடுதான் வந்த மாதிரி இருந்தது: காலையிலிருந்தே வேகத்தை ஏற்று, போகாச்சரின் துணை ஆட்களைக் கழற்று, கடைசி ஏற்றத்தில் அடி. ஆனால் மொத்த நேரத்தில் 2024-ல் 6 நிமிடம் 17 வினாடி, 2025-ல் 4 நிமிடம் 24 வினாடி என்று போகாச்சர்தான் ஜெயித்தார். தப்பு திட்டத்திலா, ஃபார்மிலா?

இன்னொரு கேள்வி உள்ளூர் சமாச்சாரம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியில் குழுவாக ஏறும்போது டெம்போ (விடாத சீரான வேகம்) வைத்துக் கழற்றுவது, திடீரென்று அட்டாக் அடிப்பது, இதில் எது நம்ம லெவல் ஆட்களுக்கு வேலை செய்யும்? வாட் மீட்டர் (மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி) இல்லாமல் ஃபார்மை அளக்க வழி உண்டா? 'மன உறுதிதான் எல்லாம்' டைப் பதில் வேண்டாம், கணக்கோடு சொல்லுங்க.

மஞ்சூர்43:

அதே திட்டம் என்று சொல்வதிலேயே பிசகு இருக்குங்க. 2022-ல் அடித்தது இரண்டு பேர். 2024-ல் ஒரே ஆள்.

காலிபியே பகுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். விங்கேகார்டின் அணித்தோழர் ரோக்லிச் பாய்வார், போகாச்சர் துரத்திப் பிடிப்பார். பிடித்து உட்காருவதற்குள் விங்கேகார்ட் பாய்வார். திரும்ப ரோக்லிச். இது அதற்கு முந்தைய டெலிகிராஃப் ஏற்றத்திலேயே ஆரம்பித்த கதை. ரோக்லிச் 5-ம் கட்டத்துக் கல் பாவிய ரோட்டில் விழுந்து நேரம் இழந்தவர்தான், ஆனாலும் 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடக்கூடிய ஆள் இல்லை. இரண்டு பேரில் யார் போனாலும் போகாச்சரே போய்ப் பிடிக்க வேண்டிய நிலை.

இதை வாட்டில் பார்க்கலாம். ஒருவர் ஒரு மணி நேரம் தாங்கும் வரம்பு 400 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே செலவழிக்க உடம்பில் சின்னக் கையிருப்பு உண்டு, தோராயமாக 20 கிலோஜூல். 30 வினாடிக்கு 550 வாட் மிதித்தால் 150 × 30, அதாவது 4.5 கிலோஜூல் போச்சு. நாலு பாய்ச்சலில் கையிருப்பு ஏறக்குறைய காலி. வரம்புக்குக் கீழே இறங்கி மிதித்தால்தான் அது மெதுவாக நிரம்பும். அடிக்கிறவர்கள் இரண்டு பேராக இருந்தால் ஒருவர் பாயும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வார். நடுவில் மாட்டியவருக்கு அந்த இடைவெளியே கிடைக்காது. இவர்கள் தலா நாலு தடவை பாய்ந்தால் அவருக்கு எட்டு.

அன்றைக்குப் போகாச்சரின் யுஏஇ அணியில் இருந்ததே 6 பேர். லெங்கனும் பென்னட்டும் கோவிட்டால் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள். கிரானோன் 11.3 கிமீ, சராசரி 9.2 சதவீதம், உச்சி 2413 மீட்டர். அடிவாரத்தில் அவர் அணி மைக்கா முன்னால் இழுத்தார், பார்ப்பதற்கு எல்லாம் போகாச்சர் கையில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. கடைசி 5 கிமீக்குள் விங்கேகார்ட் ஒரே ஒரு தடவை எழுந்தார், அவ்வளவுதான். செலவு காலிபியேவில், பில் வந்தது கிரானோனில்.

இதை 2024-ல் திரும்பச் செய்ய ஆள் ஏது? ரோக்லிச் வேறு அணிக்குப் போய்விட்டார், மலையில் விங்கேகார்டுக்காக இழுக்கும் குஸ் கோவிட்டால் வரவே இல்லை. 2025-ல் அதே அணியில் ஜோர்கன்சனும் சைமன் யேட்ஸும் இருந்தார்களே என்பீர்கள். 12-ம் கட்டத்தில் ஒட்டகாம் ஏற்றத்துக்கு முன்பே, சூலோரிலேயே ஜோர்கன்சன் கழன்றுவிட்டார். அன்றோடு போகாச்சருக்குப் பயம் காட்ட இரண்டாவது ஆள் இல்லாமல் போனார். ஒருத்தரை மட்டும் கவனித்தால் போதும் என்கிற நிலைமை வந்த பிறகு அவரை உடைக்கிறது கஷ்டம்.

பர்லியார் பனி:

மஞ்சூர் அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். இரண்டு பேர் வேண்டும் என்றால் 2023-ல் எப்படி? அப்போது குஸ் போகாச்சருக்குப் போட்டி இல்லை, இழுவை ஆள்தான். விங்கேகார்ட் தனியாகவே 7 நிமிடம் 29 வினாடியில் ஜெயித்தார். 16-ம் கட்டம் பாஸி–கொம்ப்ளூ டைம் ட்ரையல், வெறும் 22.4 கிமீ, அதில் 1 நிமிடம் 38 வினாடி. ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் டைம் ட்ரையலில் உத்தி என்ன இருக்கு? மறுநாள் லா லோஸ் ஏற்றத்தில் 5 நிமிடம் 45 வினாடி. அந்த வருடம் ஏப்ரலில் லீயேஜ் பந்தயத்தில் விழுந்து போகாச்சருக்கு மணிக்கட்டு எலும்பு உடைந்தது. டூருக்கு முன் ரோட்டில் பயிற்சி எடுக்க வேண்டிய வாரங்கள் போயின. முதல் இரண்டு வாரம் அவர் வினாடி வினாடியாகப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார்: புய் தெ டோமில் 8, கோலொம்பியேவில் கொஞ்சம். 10 நிமிடம் சீறிப் பாயும் வலு சீக்கிரம் திரும்பிவிடும். மூன்றாவது வாரத்தில், நாலு மணி நேரம் மிதித்த பிறகு, 40 நிமிட ஏற்றத்தைத் தாங்கும் வலு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். லா லோஸில் இல்லாமல் போனது அதுதான்.

2024-ல் அப்படியே தலைகீழ். ஏப்ரலில் பாஸ்க் பந்தயத்தில் விழுந்தது விங்கேகார்ட்: கழுத்துப்பட்டை எலும்பு, விலா எலும்புகள், சுருங்கிப்போன நுரையீரல். மூன்று மாதத்தில் டூர்.

திட்டம் சரியாக இருந்தும் ஃபார்ம் எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு நல்ல பாடம் பிளாட்டோ தெ பேய், 2024-ன் 15-ம் கட்டம். கிட்டத்தட்ட 200 கிமீ, 5000 மீட்டர் அளவுக்கு ஏற்றம். விங்கேகார்டின் விஸ்மா அணி காலையிலிருந்தே முன்னால் நின்று இழுத்தது. கடைசி ஏற்றத்தில் ஜோர்கன்சன் முடித்துக் கொடுக்க, 10 கிமீக்குச் சற்று மேல் மிச்சமிருக்கும்போது விங்கேகார்ட் அடித்தார். போகாச்சர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு 5 கிமீ உட்கார்ந்தே வந்தார். 5.5 கிமீ மிச்சம் இருக்கும்போது ஒரே வீச்சு, முடிவில் 1 நிமிடம் 8 வினாடி.

அந்த ஏற்றம் 15.8 கிமீ, சராசரி 7.9 சதவீதம், அதாவது சுமார் 1250 மீட்டர் உயரம். போகாச்சர் எடுத்தது 40 நிமிடத்துக்குள். 1998-ல் இத்தாலிய ஏற்றக்காரர் பந்தானி வைத்த நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவு. தோற்ற விங்கேகார்டே பந்தானி நேரத்தை உடைத்துவிட்டார்! ஆக விஸ்மா திட்டம் தப்பு இல்லை. நாள் முழுக்க டெம்போ வைப்பது யாருக்குச் சாதகம் என்றால், களைத்த பிறகும் வாட் குறையாத ஆளுக்கு. 2022-ல் அது விங்கேகார்ட். 2024-ல் அதே மருந்தை எதிராளிக்கே ஊற்றிக் கொடுத்தார்கள். 3000 கிலோஜூல் எரித்த பிறகு 30 நிமிடத்துக்கு எத்தனை வாட் மிஞ்சுகிறது என்பதுதான் ஏற்றக்காரரின் உண்மையான ஃபார்ம். காலையில் புது உடம்போடு எடுக்கும் டெஸ்டில் அது தெரியாது.

போகாச்சர் பக்கமும் மாற்றம் நடந்தது. 2024-க்குப் பயிற்சியாளர் மாறினார். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 165 மிமீக்கு இறங்கியது. கிராங்க் குட்டையானால் மிதி உச்சிக்கு வரும்போது தொடை வயிற்றை அவ்வளவு நெருக்காது, குனிந்த நிலையிலேயே அதிக நேரம் தள்ளலாம். அதனால் மட்டும் ஜெயித்தார் என்று கடைக்காரர்கள் சொன்னால் நம்பி 165 வாங்கிவிடாதீர்கள்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். காலிபியே 2642 மீட்டர், நம்ம தொட்டபெட்டா 2637. அந்த உயரத்தில் கடல்மட்ட வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அணிகள் ஸ்பெயினில் தெய்டே, சியரா நெவாடா மலைகளுக்குப் போய் வாரக்கணக்கில் 2100–2300 மீட்டரில் தூங்குவது இதற்காகத்தான். ஊட்டி 2240. இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த ஹோட்டல் செலவு மிச்சம் :)

கோடநாடு கியர்:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்போ 2025 18-ம் கட்டத்தில் மதலேன் ஏற்றத்தில், முடிவுக்கு 70 கிமீ முன்னாடியே விங்கேகார்ட் அடித்தது வீண் வேலையா? அதற்கு முன்பே ஒட்டகாமில் 2 நிமிடம் 10 வினாடி வாங்கிக்கொண்டவர் வேறு என்ன செய்ய முடியும்?

மஞ்சூர்43:

வீண் இல்லை, பாதி வேலை. போகாச்சர் சக்கரத்திலேயே இருந்தார், அது ஒரு பக்கம். உச்சி தாண்டி இறங்கியதும் பள்ளத்தாக்கில் வேகம் செத்துவிட்டது. பின்னால் விடுபட்டவர்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அந்தத் தொய்வில்தான் வேறு அணி ஆள் ஓகானர் முன்னால் நழுவிப்போய் லா லோஸ் உச்சியில் கட்டத்தையே ஜெயித்தார். மதலேனில் செலவழித்த வாட் யாருக்கும் நேரமாக மாறவில்லை.

காரணம் காற்று. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 22 கிமீ போகும் ஆள் மிதிக்கும் 410 வாட்டில் காற்றைக் கிழிக்கப் போவது 35 வாட்தான். சமதளத்தில் மணிக்கு 40 போனால் தனியாளுக்கு ஏறக்குறைய மொத்த வாட்டும் காற்றுக்கே. பின்னால் உட்கார்ந்தவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு சும்மா. அதனால் ஏற்றத்தில் ஒரு நிமிடம் பிரித்தவர் 20 கிமீ பள்ளத்தாக்கில் தனியாகக் கிடந்தால், நாலு பேர் சேர்ந்து துரத்தி அந்த நிமிடத்தைத் தின்றுவிடுவார்கள்.

இதற்கு மாற்று, காலையிலேயே ஓடிப்போன குழுவில் சொந்த ஆளை அனுப்பி வைப்பது. முன்னால் போனவர் ஏற்றம் தாண்டியதும் காத்திருந்து, தலைவரைத் தன் முதுகில் வைத்துப் பள்ளத்தாக்கைக் கடத்துவார். 2022 ஒட்டகாமில் விங்கேகார்டின் அணித்தோழர் வான் ஆர்ட் நாள் முழுக்க முன்குழுவில் இருந்துவிட்டு, கடைசி ஏற்றத்தில் விங்கேகார்டுக்காக இழுத்துப் போகாச்சரைக் கழற்றினாரே, அந்த வேலை. அன்றைக்கு வித்தியாசம் 1 நிமிடம் 4 வினாடி. ஆனால் எதிராளியைக் கழற்ற முடிந்தால்தான் இதெல்லாம். கழலவே மாட்டேன் என்கிறவரை உங்கள் ஆளே இழுத்துக்கொண்டுபோய் விடுவார்.

போனஸ் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் முதல் மூவருக்கு மொத்த நேரத்திலிருந்து 10, 6, 4 வினாடி கழிப்பார்கள். இருவரும் ஒட்டி வந்து கடைசி 200 மீட்டரில் ஸ்பிரிண்ட் என்றால் போகாச்சருக்குத்தான் வாய்ப்பு அதிகம் (2024 லெ லியோரான் விதிவிலக்கு, அதில் விங்கேகார்ட் முந்தினார்). ஒட்டிக்கொண்டு வந்தாலே போகாச்சருக்கு லாபம். பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம் எப்போதும் விங்கேகார்டுக்கு. தூரத்திலிருந்தே அடிப்பது அதனால்தான்.

36 வளைவு:

கல்லட்டிக்கு வருகிறேன், மேலே எழுதியவர்கள் அதைத் தொடவே இல்லை.

முதலில், 10 சதவீதத்தில் மணிக்கு 9–10 கிமீ ஏறுகிறவருக்குப் பின்சக்கரத்தில் ஒட்டி வந்தால் மிச்சமாவது ஒன்றிரண்டு வாட். சக்கரத்தை விடக்கூடாது என்று உயிரை விட வேண்டாம். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோடு வேறு, 4–5 சதவீதம், வேகம் அதிகம். அங்கே பின்னால் இருப்பது பலன் தரும், பலமான ஆள் இழுத்தால் மற்றவர்கள் சேர்ந்து போகலாம். கல்லட்டியில் ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஏறுவதுதான் லாபம். ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: டெம்போ. அதுவும் அடுத்தவர் டெம்போ இல்லை, உங்களுடையது.

கெடுவது எங்கே என்றால் முதல் நாலைந்து வளைவில். மசினகுடியிலிருந்து சமதளத்தில் வந்த வேகத்தோடு ஏற்றத்துக்குள் நுழைந்து, மஞ்சூர்43 சொன்ன கையிருப்பைப் பத்தே நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள். 20-ம் வளைவுக்கு மேலே குளிரும் உயரமும் சேரும்போது அதை நிரப்ப வழியில்லை. முதல் கால் பங்கு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும்.

வளைவுக்குள் எந்தக் கோட்டில் போகிறோம் என்பதும் கணக்கு. கொண்டை ஊசியின் உள்ளோரம் குட்டை, ஆனால் செங்குத்து. வெளியோரம் நீளம், சாய்வு குறைவு. நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால் வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் தானாகவே வெளியோரம் கிடைக்கும், உட்கார்ந்தே கடக்கலாம். இடப்பக்கம் திரும்புவதில் உள்ளோரச் செங்குத்தில் மாட்டுவோம். அதற்கு 10 மீட்டர் முன்பே ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போய் மாற்றினால் அழுத்தத்தில் செயின் நொறுங்குகிற சத்தம்தான் வரும். நடு ரோட்டுக்கு விலகிச் சாய்வு தேடாதீர்கள், மேலிருந்து ஜீப் எந்த நேரமும் வரும். அட்டாக் அடிக்கத்தான் வேண்டும் என்றால் வளைவு முடிந்து வெளியே வரும் இடத்தில். மற்றவர்கள் வளைவில் வேகம் குறைந்து திரும்ப எழுப்பும் நேரம் அது.

கியர்: 34-28 (முன்னால் 34 பல், பின்னால் 28) போட்டு நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 9.2 கிமீ. 70 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள், 10 சதவீதம் என்றால் அந்த 60-ஐக் காப்பாற்றவே ஏறக்குறைய 210 வாட் வேண்டும். 34-34 என்றால் 7.6 கிமீ, 170 வாட் போதும். 28-ஐ வைத்துக்கொண்டு 'டெம்போவில் ஏறுகிறேன்' என்பவர் பாதி நேரம் வரம்புக்கு மேலேதான் இருக்கிறார்.

வாட் மீட்டர் இல்லாமல் அளக்க: ஏறிய உயரத்தை மீட்டரில் எடுத்து, 60-ஆல் பெருக்கி, எடுத்த நிமிடத்தால் வகுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை (200 + 10 × சாய்வு சதவீதம்) என்பதால் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை வாட். மேலே சொன்ன பிளாட்டோ தெ பேய் கணக்கைப் போட்டால் 1250 × 60 ÷ 40 = 1875, அதை 279-ஆல் வகுத்தால் 6.7. நம்ம ஆள் 8 சதவீதத்தில் மணிக்கு 900 மீட்டர் ஏறினால் 3.2. 6 சதவீதத்துக்குக் கீழே இந்தச் சூத்திரம் தடுமாறும், காற்று குறுக்கே வந்துவிடும். உயரத்தை வாட்ச் காட்டுகிறபடி எடுக்காதீர்கள், மூடுபனி நாளில் காற்றழுத்தம் மாறி 30–40 மீட்டர் தப்பாகக் காட்டும். வரைபடத்தில் இரண்டு முனையின் உயரத்தைப் பார்த்து ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதையே போடுங்கள்.

பர்லியார் பனி சொன்ன களைப்புத் தாங்கும் ஃபார்மை இதே கணக்கில் பார்க்கலாம். ஒரு நாள் களைப்பில்லாமல் ஏறுங்கள். வேறொரு நாள் இரண்டரை மணி நேரம் மிதித்துவிட்டு அதே ஏற்றம். இரண்டாவது எண் 5 சதவீதம் குறைந்தால் நல்ல நிலை. 15 சதவீதம் குறைந்தால் உங்களுக்கு இடைவெளிப் பயிற்சி தேவையில்லை, நீண்ட சவாரியும் சாப்பாடும்தான் தேவை. பகலிலேயே முடித்துவிடுங்கள், அது யானை நடமாடும் ரோடு.

கேத்தி எக்ஸ்பிரஸ்:

சாப்பாடு பற்றி மட்டும். புரோ ஆட்கள் இப்போது மணிக்கு 100–120 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள். நேராக அதைக் காப்பி அடித்தால் வயிறு புரட்டும், குடலுக்கும் வாரக்கணக்கில் பழக்கம் வேண்டும். 50–60 கிராமில் ஆரம்பியுங்கள். 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி இருப்பதால் விலை கூடின பவுடருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாழைப்பழம் ஒன்று சுமார் 25 கிராம். ஏற்றம் தொடங்கும் முன்பே சாப்பிட்டு முடியுங்கள், மூச்சு வாங்கும்போது செரிமானத்துக்கு ரத்தம் போகாது. குளிரில் தாகம் தெரியாது, அதனால் பாட்டில் அப்படியே மேலே போய்ச் சேரும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக் குடியுங்கள்.

பர்லியார் பனி:

டிவி பார்க்கும்போது ஒன்று. திரையில் 10 வினாடி என்று காட்டினால் சமதளத்தில் மணிக்கு 45 என்றால் 125 மீட்டர், 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 என்றால் 42 மீட்டர்தான். ஏற்றத்தில் ஆள் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் நேரம் போய்க்கொண்டே இருக்கும். யார் உடையப் போகிறார் என்று பார்க்க முகத்தைப் பார்க்காதீர்கள், இவர்கள் நன்றாக நடிப்பார்கள். முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வளைவுக்கு வளைவு அரை மீட்டர் திறந்து, திரும்ப மூட அதிக நேரம் எடுத்தால் முடிந்தது. மிதி எண்ணிக்கை 90-லிருந்து 75-க்கு இறங்குவது இன்னொரு அடையாளம்.

கோடநாடு கியர்:

36 வளைவு அண்ணா, என்னிடம் 11-28 கேசட் (பின்சக்கரப் பல் அடுக்கு), ஷிமானோ 105 ஆர்7000, குட்டைக் கேஜ் டிரெயிலர் (பின்னால் செயினைப் பல் மாற்றும் கருவி). 11-34 அப்படியே போடலாமா?

36 வளைவு:

முடியாது தம்பி. அந்தக் குட்டைக் கேஜுக்கு 30 பல்தான் உச்சம். 34-க்கு ஜிஎஸ் என்று போட்ட நீளக் கேஜ் வேண்டும். செயினும் மாற்றணும், பழையது குட்டை. முன்னால் பெரிய வளையம், பின்னால் பெரிய பல், டிரெயிலருக்குள் விடாமல் சுற்றிப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்கள். டிரெயிலரில் இருக்கும் பி-ஸ்க்ரூவை முறுக்கி அதன் மேல் உருளை 34-ல் உரசாமல் விலக்கணும். இவ்வளவுக்கும் மனமில்லை என்றால் 11-30 வாங்குங்கள். டிரெயிலர் அதே போதும், செயின் நீளத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.